கேன் தண்ணீரில் ஏழு மீன்கள்

என் தம்பி கோபியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ‘நீர்வாழ் உயிரினப் பராமரிப்பாளர்’ என்று அச்சடித்திருந்தது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் கம்பெனி அட்டை வாங்கிய எல்லோருக்கும் ‘ஒர்க்கர்’ என்ற ஒரே சொல்தான். எனக்கும் அதுதான். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். தம்பியின் அட்டையை அம்மா நகல் எடுத்து, லேமினேஷன் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “கடல்ல வேலையா?” என்று கேட்பார்கள். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். “இல்ல, தோல் கம்பெனிங்க தண்ணிய சுத்தம் பண்ற எடத்துல” என்பேன். “அங்க இன்னா உயிரினம் இருக்குது?” என்பார்கள்.

நியாயமான கேள்விதான். அங்கே இருந்த உயிரினம் ஏழு மீன். அந்த ஏழையும் உயிரோடு வைத்திருப்பது அவன் வேலை. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் முறையாக, நடந்தபடி எழுதுகிறேன்.

வாலாஜாபேட்டையைத் தாண்டிப் போகிற வழியில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. சுற்றிலும் உள்ள தோல் கம்பெனிகளின் தண்ணீர் எல்லாம் குழாயில் அங்கே வந்து சேரும். தோலை அழுகாமல் வைக்கப் போட்ட உப்பு, முடி உதிர்க்கப் போட்ட சுண்ணாம்பும் சல்பைடும், பதப்படுத்தப் போட்ட குரோமியம் எல்லாம் கலந்து, அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு பக்கம் உள்ளே போகும். பெரிய பெரிய தொட்டிகளில் சுற்றிச் சுழன்று, காற்று வாங்கி, வண்டலைக் கீழே விட்டுவிட்டு மறு பக்கம் வெளியே வரும். உள்ளே போனதைப் பார்த்தவர்களுக்கு வெளியே வருவதைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். கறுப்பாகப் போனது டீத்தண்ணி நிறத்தில் வரும். அங்கிருந்து கால்வாய் வழியாகப் பக்கத்து ஏரிக்குப் போகும்.

டீத்தண்ணி நிறத்தை மட்டும் காட்டி உலகத்தை நம்பவைக்க முடியாது என்று யாரோ ஒரு பெரியவர் யோசித்திருக்கிறார். தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி கட்டி, சுத்தம் செய்த தண்ணீரை அதில் விட்டு மீன் வளர்க்கச் சொன்னார். மீன் நீந்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர். படித்தவர், படிக்காதவர் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. அருமையான ஏற்பாடு. மீனிடம் மட்டும் யாரும் கலந்து பேசவில்லை.

கோபிக்கு முன்னால் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவருக்கு எளிதான முறை ஒன்று இருந்தது. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் மார்க்கெட்டுக்குப் போய் உயிர் மீன் வாங்கி வந்து விடுவார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதும், மிதக்கிறவற்றை வலையால் அள்ளிப் பின்பக்கம் எறிந்துவிடுவார். அதிகாரிகள் வருகை தள்ளிப்போனால் மறுபடியும் மார்க்கெட். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடம் என் தம்பிக்கு வந்தது. அவன் ஐ.டி.ஐ. பிட்டர். அங்கே பம்பு பார்க்கத்தான் சேர்ந்தான். சாப்பாட்டு நேரத்தில் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்துகொள்வானாம். “உனக்குத்தான் மீன் புடிக்குதே, நீயே பாத்துக்கோ” என்று மேனேஜர் ஒப்படைத்துவிட்டார். சாப்பாட்டில் எறும்பு விழுந்தால் அதை எடுத்து, ஊதி உலர்த்தி, சுவரில் ஏற்றிவிட்டுத்தான் என் தம்பி அடுத்த வாய் சாப்பிடுவான். அப்படிப்பட்டவனிடம் அந்தத் தொட்டியைக் கொடுத்தார்கள்.

முதல் வாரம் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

“மொதல்ல எல்லாம் மேல வந்துரும்க்கா. வாயத் தொறந்து தொறந்து மூடும். நம்ம கிட்ட ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சு நீந்தும். செவுளத் தூக்கிப் பாத்தா செவப்பே இல்ல. காபி கலர்ல, சளி புடிச்ச மாதிரி கீது.”

“சாப்புடற எடத்துல இதெல்லாம் பேசாதடா” என்றாள் அம்மா.

“நான் சாப்புடறேன்மா. அதுங்க மூச்சு உட முடியாம கீதுங்க.”

தன் கவனிப்பில்தான் குறை என்று அவன் முதலில் நினைத்தான். காற்று ஊதும் மோட்டார் வாங்கி வைக்கச் சொன்னான். வைத்தார்கள். மீன்கள் காற்றோட்டமாகச் செத்தன. தீவனத்தை மாற்றிப் பார்த்தான். பிறகு குழாயின் வால்வை மூடிவிட்டு, நிலையத்து போர்வெல் தண்ணீரை விட்டுப் பார்த்தான். அதில் இன்னும் சீக்கிரம் செத்தன. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரை அவன் மறந்துவிட்டான். பல தலைமுறைத் தோலை அந்த மண் ஊறவைத்துக் குடித்திருக்கிறது.

கடைசியில் அவன் ஒரு நாள் ஆபீஸ் அறையில் நின்று யோசித்தான். அங்கே ஒரு மூலையில் கேன் தண்ணீர் இருந்தது. உலகத்துக்கே தண்ணீர் சுத்தம் செய்து தரும் அந்த நிலையத்தில், மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் குடிப்பது ஆபித் பாஷா லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கும் கேன் தண்ணீர்தான். கோபி அதில் சிலவற்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினான். அந்தத் தடவை விட்ட ஏழு மீனும் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. அடுத்த மாதம் அவற்றுக்குத் தொப்பை வைத்தது.

செத்த மீனை மாற்றியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தண்ணீரை மாற்றியவன் என் தம்பி.

ஆபித் பாஷாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“இன்னா கோபி, ஆபீஸ்ல ஆளு ஜாஸ்தி ஆய்ட்டாங்களா? கேன் டபுளா போவுதே.”

“ஏழு பேர் புதுசா சேந்துருக்காங்க பாய்.”

“பர்மனன்ட்டா?”

“அதுங்க பர்மனன்ட். நான்தான் இன்னும் டெம்பரவரி.”

ஆபித் பாஷா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என் தண்ணிக்கு இப்டி ஒரு சர்டிபிகேட் யாரும் குடுத்ததில்ல தோஸ்த். போட்டோ புடிச்சு ஆட்டோல ஒட்டிக்கவா?”

“வேணாம் பாய். என் வேல போய்டும்.”

நிலையத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். மேனேஜர் நவநீதனுக்கும் தெரியும். கேன் பில்லில் ‘விருந்தினர் உபயோகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆனால் தெரிந்த ஒன்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிற திறமை மேலே போகப் போகக் கூடும்போலிருக்கிறது. முதலில் அவர் தொட்டியைக் காட்டும்போது வேகமாகக் கடந்துபோவார். பிறகு நின்று காட்டினார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் வரவழைத்துக் காட்டினார். தொட்டித் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். அதிலிருந்து கை எட்டும் தூரத்தில் கால்வாய், டீ நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடும். போட்டோ எடுத்தவர்கள் எல்லோரும் தொட்டியைத்தான் எடுத்தார்கள்.

“புள்ளைங்களா, மனுஷன் பொய் சொல்லுவான். ரிப்போர்ட் பொய் சொல்லும். மீன் பொய் சொல்லாது” என்று அவர் பேசுவாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும் என்று கோபி சொன்னான். அந்த அளவுக்கு நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஷிப்டுக்காரர்கள் மீன்களுக்குப் பேர் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கொழுத்து, தீவனம் போட்டால் மற்றவற்றை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் வரும் கட்லா மீனுக்கு ‘மேனேஜர்’ என்று பேர். “மேனேஜர் இன்னிக்கி சாப்புட்டாரா?” என்பதுதான் ஷிப்டு மாறும்போது அங்கே கேட்கும் முதல் கேள்வி.

இந்தச் சமயத்தில்தான் தம்பிக்குப் பெண் பார்த்தோம். மேகலா என்று பெயர். வாலாஜாபேட்டையில் மருந்துக் கடையில் பில் போடும் வேலை. அவள் அப்பா சுந்தரமூர்த்தி அந்த ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் குத்தகையை எடுத்திருந்தார். கோபியின் நிலையத்துக் கால்வாய் போய் விழுகிற அதே ஏரிதான். பெண் பார்க்கப் போனபோது அந்தப் பொருத்தத்தை எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மீன் தொழில்.

“மாப்ள எத்தன மீன் பாக்கறாரு?” என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

“ஏழு” என்றேன் நான்.

“ஏழாயிரமா?”

“ஏழுதான்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எனக்கு ஏரி பூரா கீது. ஆனா ஏழுன்னா ஒரு வசதி. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சே கூப்புடலாம்.”

“வெச்சிருக்கோம் மாமா” என்றான் கோபி.

உள்ளே இருந்து மேகலாவின் சிரிப்பு கேட்டது. பூ வைத்து உறுதி செய்துகொண்டு வந்தோம். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். “மீனுக்கெல்லாம் பேர் வெச்சிருக்கீங்க, எனக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் வெக்கல” என்று அவள் கேட்டாளாம். அதற்கு இவன் மூன்று நாள் யோசித்தான். கடைசியில் மேகலா என்றே கூப்பிட்டான்.

ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் பக்கத்தில் மழை என்றால் விவசாயிக்கு மட்டுமில்லை, சில குழாய்களுக்கும் கொண்டாட்டம். தண்ணீரோடு தண்ணீராக என்ன போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மழை விட்ட காலையில் சுந்தரமூர்த்தி ஏரிக்கரைக்குப் போனபோது, ஏரியின் ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்ததாம். மேகம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று நினைத்திருக்கிறார். கிட்டே போனால் எல்லாம் மீனின் வயிறு. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மல்லாந்து கிடந்தன. உயிர் இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நத்தைகள் தண்ணீரை விட்டு ஏறி, கரைக் கல்லில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. மழை விட்ட ஏரியில் தவளைச் சத்தம் இல்லை. கொக்குகள் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் பறந்து போயின. இலவசமாகக் கிடைத்ததை வேண்டாம் என்று சொன்னது எங்கள் வட்டாரத்தில் அந்தக் கொக்குகள் மட்டும்தான். மதியத்துக்குள் அந்த மீனைப் பொறுக்கிக்கொண்டு போய் மார்க்கெட்டில் விற்கப் பார்த்தவர்களைச் சுந்தரமூர்த்தியே தடியோடு துரத்தினார்.

சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரால்தான் மீன் செத்தது என்று அவர் கலெக்டரிடம் மனு கொடுத்தார். நிலையத்திலிருந்து நவநீதன் பதில் கொடுத்தார். ஏரிக்குப் போகும் அதே தண்ணீரில் எங்கள் தொட்டியில் ஏழு மீன்கள் நலமாக உள்ளன, குத்தகைதாரர் கோழிக்கழிவைத் தீவனமாகப் போட்டு ஏரியைக் கெடுத்திருக்க வேண்டும் என்பது பதில். ஏரியைக் கெடுத்தது குத்தகைதாரர் என்று முடிவானால் குத்தகை ரத்து. அவர் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். எது உண்மை என்று பார்க்க மீன்வளத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகத் தேதி குறித்தார்கள். ஆகவே சுந்தரமூர்த்தியின் ஏரி என் தம்பியின் ஏழு மீன்மேல் வந்து நின்றது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“மாப்ள, நான் சண்டைக்கு வரல. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். உங்க தண்ணிதான் ஏரிக்கும் வருது. உங்க மீன் கொழுத்துப் போய் கீது. என் மீன் மல்லாந்து கீது. என் மீன் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

கோபி தரையைப் பார்த்தான்.

“நீங்க உங்க மீனுக்கு இன்னா குடுக்கறீங்களோ அத சொல்லுங்க. நானும் அதையே குடுத்துட்டுப் போறேன். கோழிக்கழிவு போட்டேனாம். என் பொண்ணு மேல சத்தியமா தவுடும் புண்ணாக்கும் தவிர ஒண்ணும் போடல.”

“நீங்க போட்ருக்க மாட்டீங்க மாமா.”

“அது உங்களுக்குத் தெரிது. ஆபீசருக்கு?”

 அவர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு மேகலா போன் செய்தாள். போனைக் காதோடு ஒட்டாமல் தள்ளி வைத்துக்கொண்டு பேசுவது அவன் வழக்கம். எனக்கும் கேட்டது.

“எங்க அப்பாதான் ஏரியக் கெடுத்தாருன்னு நீங்களும் சொல்லுவீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லல மேகலா.”

“அதத்தான் நானும் கேக்கறேன். ஒண்ணும் சொல்லாமயே இருப்பீங்களா?”

 அவன் பர்மனன்ட் ஆர்டர் டைப் ஆகி மேனேஜர் மேஜையில் இருந்தது. அதிகாரி வந்துபோன பிறகு கையெழுத்துப் போடுவதாக நவநீதன் சொல்லியிருந்தார்.

அந்த நாள் வந்தது. அதிகாரி அக்தர் பானு, ஒரு பெட்டியில் காலி பாட்டில்களோடு வந்து இறங்கினார். ஏரி பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் சுந்தரமூர்த்தியோடு வந்திருந்தார்கள். ஷூ கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். தொட்டியைத் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். மேலே ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘நீரின் உண்மை மீனில் தெரியும்’ என்று அதில் எழுதியிருந்தது. மீன்கள் ஏழும் வந்த கூட்டத்தைப் பார்த்துத் தீவனம் என்று நினைத்து முன்னால் வந்து நின்றன.

நவநீதன் பேசினார். அந்த நிலையம் எப்போது வந்தது, எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்படிச் சுத்தமாகிறது என்று வரிசையாகச் சொன்னார். அக்தர் பானு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இந்தத் தொட்டில இருக்கற தண்ணி இந்தக் குழாய்லேர்ந்து வர்றதுதானே சார்?”

“வேற எங்கேர்ந்து வரும் மேடம்?” என்றார் நவநீதன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருப்பார். தொட்டித் தண்ணீர் சுத்தம் என்று முடிவும் வந்திருக்கும். ஆனால் நவநீதனுக்கு ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு வேகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த வேகம்.

“மேடம், யாருக்கும் சந்தேகமே வேணாம். எல்லார் கண்ணு முன்னாடியும் குழாயத் தொறப்போம். பழைய தண்ணி வெளிய போவட்டும், புதுத் தண்ணி உள்ள வரட்டும். இந்த மீன் அதுலயும் இப்டியேதான் நீந்தும். கோபி, வால்வத் தொறப்பா.”

பின்னால் நின்ற சூப்பர்வைசர் இருமினார். விடாமல் இருமினார். நவநீதன் திரும்பி, “தண்ணி குடிங்க” என்றார்.

கோபி வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கை வைத்தான். அவன் நிழல் தொட்டிமேல் விழுந்ததும் அந்தக் கொழுத்த கட்லா மேலே வந்து அவன் கையைப் பார்த்து வாயைத் திறந்தது. கூட்டத்தில் சுந்தரமூர்த்தி என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்வைத் திறந்து அந்த மீன்கள் செத்தால் அவர் ஏரி பிழைக்கும். திறக்காமல் ஏதாவது சாக்கு சொன்னால் இவன் வேலை பிழைக்கும். இரண்டில் எதையும் என் தம்பி செய்யவில்லை. கையை எடுத்துவிட்டு, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் டப்பையும் வலையையும் எடுத்து வந்தான்.

“மீன எடுத்துட்டுத் தொறக்கறேன் சார்.”

“எதுக்குடா எடுக்கற? உள்ளயே இருக்கட்டும்.”

“இல்ல சார். எடுத்துட்றேன்.”

அக்தர் பானு கிட்டே வந்தார். “தம்பி, அதே தண்ணிதானே வரப்போவுது? மீன எதுக்கு எடுக்கணும்?”

“செத்துரும் மேடம்.”

அவன் அதைக் கூட்டத்துக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஏதோ அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“ரொம்பப் பாசமா வளத்துட்டான் மேடம். அதான் பயப்படறான்” என்றார் நவநீதன்.

“பாசத்துக்கும் தண்ணிக்கும் இன்னா சார் சம்பந்தம்?” என்றார் அக்தர் பானு. பிறகு கோபியிடம், “இப்ப உள்ள இருக்கறது எந்தத் தண்ணி?” என்று கேட்டார்.

“கேன் தண்ணி மேடம்.”

“எவ்ளோ நாளா?”

“நான் வந்த கொஞ்ச நாள்லேர்ந்து.”

“சரி. மீன எடுத்துக்கங்க. அப்புறம் தொறங்க.”

அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்ததை டப்பில் கேன் தண்ணீரில் விட்டான். ஷிப்டுக்காரர் ஒருவர் பழக்கத்தில், “மேனேஜர் வந்துட்டாரா?” என்று கேட்டுவிட்டார். “இன்னா?” என்று நவநீதன் திரும்பினார். கேட்டவர் அவசரமாகக் குனிந்து டப்பைப் பிடித்துக்கொண்டார்.

வால்வு திறந்தது. பழைய தண்ணீர் வடிந்து, புதிய தண்ணீர் ஏறியது. டீ நிறம். மேலே நுரை. மூடி வைத்திருந்த நாற்றம் எழுந்து வந்தது. பேனருக்குக் கீழே நின்றவர்கள் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டார்கள். அக்தர் பானு தொட்டியிலும் குழாயிலும் கால்வாயிலும் பாட்டிலில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

“இப்ப மீன உள்ள உடலாமா சார்?”

நவநீதன் தொட்டியைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார். “எடம் மாத்துனதுல மீனுக்கு டென்ஷன் ஆயிருக்கும் மேடம். இன்னொரு நாள் உடலாம்.”

“நீங்க கை உட்டுக் காட்டுங்க சார், அது போதும்” என்றார் சுந்தரமூர்த்தி. ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நவநீதன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

டெஸ்ட் முடிவு வந்ததும், மீன்வளத் துறை அறிக்கையை வைத்துக் கலெக்டர் உத்தரவு போட்டார். ஏரி மீன் செத்தது நிலையத்துத் தண்ணீரால்தான், குத்தகை சுந்தரமூர்த்தியிடமே இருக்கும், தண்ணீரைச் சரிசெய்யும் வரை ஏரிக்கு விடக்கூடாது என்று உத்தரவு. அதோடு, ஏரி தெளியும் வரை புதிதாக மீன் விடவும் கூடாது என்று ஒரு வரி. ஆகவே அவருக்கு ஏரி கிடைத்தது. அதில் மீன் இல்லை.

நிலையம் சும்மா இருக்குமா? கோர்ட்டில் மேல்முறையீடு செய்தார்கள். அதில் எழுதியிருந்த காரணத்தைச் சுந்தரமூர்த்தியின் வக்கீல் படித்துக் காட்டியபோது எனக்கு அவர்கள்மேல் மரியாதையே வந்துவிட்டது. நிலையத்துத் தண்ணீரில் குறையில்லையாம். பராமரிப்பாளர் தன்னிச்சையாகக் கேன் தண்ணீரைக் கொடுத்துச் செல்லமாக வளர்த்ததால், அந்த ஏழு மீன்களும் பலவீனமாகி, சுத்திகரித்த நீரைத் தாங்கும் சக்தியை இழந்துவிட்டனவாம். விருந்தினருக்கான தண்ணீரைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக என் தம்பியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நவநீதன் கோபமாகக்கூட இல்லையாம். வருத்தமாக இருந்தாராம்.

“ஏழு மீனுக்காகப் போய் வேலைய விட்டியேடா. மார்க்கெட்ல கெடைக்குமேடா.”

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

மீன்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு மீன்களையும் கொண்டுபோய் விட, பக்கத்தில் நல்ல தண்ணீர் எங்குமே இல்லை. ஏரியில் விட முடியாது. கிணற்றில் விட முடியாது. பாலாற்றில் விடலாம் என்றால் அங்கே மணல் இருந்தது, தண்ணீர் இல்லை. கடைசியில் சுந்தரமூர்த்தி நெமிலி பக்கம், தோல் கம்பெனி இல்லாத ஒரு கிராமத்தில், அவர் பங்காளி ஒருவரின் குட்டையைக் குத்தகைக்குப் பேசினார். மீன்கள் ஆபித் பாஷாவின் லோடு ஆட்டோவில் போயின.

“இதுங்க மாதிரி கஸ்டமர் எனக்கு இனிமே வராது” என்றார் ஆபித் பாஷா. “காலைல கேன் போட லேட்டாச்சுன்னா ஒரு பேஜார் கெடையாது. திட்டாது. சும்மா வாய மட்டும் தொறக்கும்.”

கல்யாணப் பேச்சில் அவர்கள் சொந்தக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதே என்றார்கள்.

“வேலைல இருந்தப்ப இன்னா பண்ணிக்கிட்டிருந்தாரு?” என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

“மீன் பாத்துக்கிட்டிருந்தாரு.”

“இப்பவும் அதான் பாக்கப் போறாரு. அங்க ஏழு, இங்க ஒரு குட்டை. இது பிரமோஷன்தானே?”

மேகலா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டில் மீன் வளர்க்கக் கூடாது. மருந்துக் கடையில் இருந்துவிட்டு வந்தால் தன்னைப் பார்க்க வேண்டும், தொட்டியைப் பார்க்கக் கூடாது. இவன் ஒப்புக்கொண்டான். தையில் கல்யாணம் முடிந்தது.

இந்த வருஷம் நெமிலிக் குட்டையில் முதல் பிடிப்பு. நானும் போயிருந்தேன். வலையை இழுத்துக் கரையில் போட்டதும் வெள்ளி கொட்டினதுபோல மீன். செவுள் எல்லாம் ரத்தச் சிவப்பு. வியாபாரிகள் எடைத் தராசோடு நின்றார்கள். கோபி குனிந்து வலைக்குள் கைவிட்டு, அந்த ஏழையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்தான். கொழுத்த கட்லா மட்டும் முழங்கை நீளம் இருந்தது. ஒரு வியாபாரி அதன்மேல் கை வைத்தார்.

“இத எங்கிட்ட போட்றுங்க, நல்ல வெல போடறேன்.”

கோபி தன் மாமனாரைப் பார்த்தான். வியாபாரத்தில் சுந்தரமூர்த்தி கறாரானவர். ஒரு மீன்கூட விடமாட்டார். அவர் அந்தக் கட்லாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அது விக்கறதுக்கு இல்லண்ணே.”

“ஏன்? நோவா?”

“சாட்சி. பலவீனமான மீன்னு மேல்முறையீட்டுல எழுதிக் குடுத்திருக்கானுங்க. கேஸ் முடியற வரைக்கும் இதுங்க உயிரோட, தெம்பா இருக்கணும். மாப்ள, தண்ணில உடுங்க.”

வியாபாரி நம்பவில்லை. நான் நம்பினேன். என் தம்பி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டான். கேஸ் இப்போது எந்தக் கோர்ட்டில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அது போகிற வேகத்தைப் பார்த்தால் அந்த ஏழும் வயதாகி, தானாகத்தான் சாகும். கோபி அந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்கிறான். கோர்ட்டைப் பற்றி நல்லதாகப் பேசுகிற ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் இப்போது அவன்தான்.